மிளகாய்க் கிட்டங்கியில் ஒரு பாஸ் கிட்டார்

திருவனந்தபுரம் ஆரியசாலையில் மிளகாய் மொத்த வியாபாரம் செய்யும் தாணுமாலையன், மகள் கலைச்செல்விக்குப் பாஸ் கிட்டார் வாங்கியபோது அதன் சத்தத்தைக் கேட்கவில்லை, விலையைத்தான் கேட்டார். வாங்கிய பிறகு அதற்குத் தன்னிடம் இருந்ததிலேயே நல்ல இடத்தைக் கொடுத்தார்: வற்றல் மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கி. பொட்டு ஈரம் கிடையாது. வீட்டின் விலையுயர்ந்த சரக்கெல்லாம் அங்கேதான், மனைவியின் கல்யாணப் பட்டு உட்பட. அந்தப் பட்டை அவள் கட்டி வந்தால் பக்கத்தில் நிற்பவர்கள் தும்முவார்கள்.

கலைச்செல்விக்கு வேறு தொல்லை. கிட்டங்கியில் உட்கார்ந்து கம்பிகளைத் தாழ்த்தி வைப்பாள். விரல் பட்டாலே பேசும். அவள் வாசிக்கும் கானமேளா மெல்லிசைக் குழுவின் ஒத்திகை ஸ்ரீவராகம் குளத்துக்குப் பக்கத்தில், விஜய்குமார் வீட்டில். மழை நாளில் கிட்டாரை அங்கேயே விட்டு வருவாள். அந்த ஈரத்தில் கிட்டாரின் மரக் கழுத்து வளைந்து கம்பிகள் எழும்பி நிற்கும். அழுத்தி அழுத்தி விரல் வீங்கும், தாளம் பின்தங்கும். திரும்பக் கொண்டுவந்து தாழ்த்துவாள். கிட்டங்கியில் காய்ந்ததும் கழுத்து நிமிர்ந்து, கம்பி உரசி இரையும். மறுபடி உயர்த்துவாள். ஆவணி முழுக்க இதே கதை.

சனிக்கிழமை திருவிழா மேடை. குழுவை நடத்தும் விஜய்குமார் நயமாகத்தான் சொன்னான்.

"கலா, வெள்ளிக்கிழமை ஒத்திகையிலயும் தாளம் இழுத்துச்சுன்னா பிபின் கீபோர்டுல இடது கையால பாஸ் போட்டுக்குவான், கேட்டியா. வேன்ல ஒரு சீட்டும் மிச்சம்."

பிபின் மறுக்கவில்லை. இடது கை சும்மா இருப்பதைத் தன் திறமைக்கு அவமானமாக நினைப்பவன் அவன்.

அந்த வாரம் கலைச்செல்வி மூட்டைமேல் உட்கார்ந்து சின்னச் சாவியால் கிட்டாரின் திருகுகளை மறுபடி திருகிக்கொண்டிருந்தாள். கழக்கூட்டத்தில் ஹாஸ்டல் மெஸ் நடத்தும் பிச்சைக்கனி வந்து, பக்கத்துக் கடையில் விலை குறைவு என்று பேரத்தை ஆரம்பித்தார். தாணுமாலையன் ஒரு வற்றலை எடுத்து ஒடித்துக் காட்டினார்.

"அவன் சரக்கு ஈரம். என்னோடது சுக்கா காஞ்சது. இந்த மழையில உம்ம மெஸ்ல ரெண்டு நாள் கிடந்தா தன்னால எடை கூடும். கூடின எடைக்கு நான் காசு கேட்டனா?"

பிச்சைக்கனி சிரித்துவிட்டார். சிரித்த ஆள் அதற்குமேல் விலை குறைக்கச் சொல்ல முடியாது. கலைச்செல்வியின் கையில் சாவி அப்படியே நின்றது. மிளகாய் குடிக்கிற ஈரத்தை மரம் குடிக்காதா? காய்ந்த இடத்தில் வைத்த கணக்கை ஈரமான இடத்தில் இத்தனை நாள் தேடியிருக்கிறாள்.

கிட்டாரைத் தோளில் மாட்டினாள்.

"எங்க கொண்டு போற? இதைவிடக் காஞ்ச இடம் திருவனந்தபுரத்துலயே கிடையாது மக்ளே."

"அதனாலதாம்ப்பா கொண்டு போறேன்."

விஜய்குமார் வீட்டுக் கூடத்தில் அதைச் சாத்தி வைத்தாள். இனி இது இங்கேதான் இருக்கும், மரம் இந்த ஈரத்துக்குப் பழகட்டும், வெள்ளிக்கிழமை வரை யாரும் தொடக் கூடாது, தானும் தொடப் போவதில்லை என்றாள். அவன் முனகினான். அவள் அசையவில்லை.

வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு வெகு முன்னமே வந்தாள். கம்பியின் இரு முனைகளையும் அழுத்திப் பிடித்து, நடுவில் கம்பிக்கும் கழுத்துக்கும் இடையே அப்பாவின் விசிட்டிங் கார்டை நுழைத்துப் பார்த்தாள். தொளதொளவென்று போனது. கழுத்து வளையாமல் பிடிக்க அதற்குள் ஓடும் இரும்புக் கம்பியின் திருகை இம்மியளவு இறுக்கினாள், சுருதி சேர்த்தாள், மறுபடி நுழைத்தாள். கார்டு உரசிக்கொண்டு நின்றது. பிறகுதான் கீழே கம்பிகளைத் தாங்கும் பாலத்தின் திருகுகளைத் தொட்டாள். ஒவ்வொரு கம்பியாக, இரைச்சல் தொடங்கும் இடம் வரை இறக்கி, அங்கிருந்து ஒரு பொட்டு ஏற்றினாள்.

முதல் பாட்டு வேகமானது. பிபின் இடது கையைக் கீழ்க்கட்டைகள்மேல் தயாராக வைத்திருந்தான். கலைச்செல்வி தாளத்தோடு ஒட்டி நடந்தாள். பல்லவி முடிந்தது, சரணம் வந்தது, எங்கும் இழுக்கவில்லை.

இரண்டாம் சரணத்தில் பிபின் அந்தக் கையை எடுத்து டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டான்.