பல்லுக்குள் ஒரு தீபாராதனை

ஜோதியம்மாள் அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து சொத்தைப் பல்லை அடைக்க என் கிளினிக்குக்கு வந்திருந்தார். குழியில் பசையை வைத்து, அதை இறுக வைக்கும் நீல விளக்கை வாய்க்கு நேரே பிடித்தேன். அவர் இரண்டு கைகளாலும் வெளிச்சத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கை இடித்து விளக்கு விலகியது.

எனக்கு எரிச்சலாக வந்தது. “இது தீபாராதனை இல்லம்மா. இந்தப் பசையில சின்னச் சின்ன மூலக்கூறுங்க தனித்தனியா கிடக்கு. வெளிச்சம் பட்டா ஒண்ணோட ஒண்ணு கைகோத்து நீளமான சங்கிலி ஆயிடும். அதான் கல்லு மாதிரி இறுகுது.”

“பல்லுல மட்டும்தானா?”

“உங்க பிளாஸ்டிக் குடம், நீங்க சாப்பிடற சோறு, உங்க தலைமுடி, எல்லாமே அப்படிக் கோத்ததுதான்.”

அவர் தன் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த அடுக்குப் பசையை வைத்து மறுபடி விளக்கைப் போட்டேன். இம்முறை அவர் கையை நீட்டவில்லை. நெஞ்சுக்கு நேரே கூப்பிக்கொண்டார்.

வேலை முடிந்ததும் கேட்டேன். “இவ்ளோ சொல்லியும் விளக்கைக் கும்புடறீங்களே?”

“விளக்க யாரு கும்புட்டா? அத்தன பேரும் ஒண்ணு சேர்றாங்கன்னீங்களே. நான் பெத்தது ரெண்டே ரெண்டு பேரு, டாக்டர். ஒருத்தன் முகத்த ஒருத்தன் பாக்க மாட்டேங்கிறான்.”