பாக்கியவதி சிஸ்டரின் ஓட்டு

மேயர் யார் என்பது தன் ஒரு ஓட்டில் வந்து நிற்கும் என்று பாக்கியவதி நினைக்கவில்லை. அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருக்காரர்கள் விடாமல் கேட்டதால் சுயேச்சையாகக் கவுன்சிலருக்கு நின்று ஜெயித்தார். முடிவுகள் வந்தபோது மாநகராட்சியில் இரண்டு அணிகளும் சமமாக இருந்தன. எதிலும் சேராமல் மிச்சமிருந்தது அவர் மட்டும்தான். கவுன்சிலர்கள் ரகசிய ஓட்டுப் போட்டு மேயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒரு அணியின் வேட்பாளர் தனுஷ்கோடி, அச்சகம் வைத்திருப்பவர். பட்டாசு ஆலையில் விபத்து என்றால் முதல் ஆளாக ஆஸ்பத்திரியில் நிற்பார். தீக்காய வார்டில் வேலை பார்த்த காலத்தில் பாக்கியவதி அவரை அங்கே பலமுறை பார்த்திருக்கிறார். ஏழாயிரம்பண்ணை ஆலையிலிருந்து தீக்காயத்தோடு கொண்டுவந்த ஒரு பெண்ணின் தாய் மயங்கி விழுந்தபோது, தனுஷ்கோடியே தூக்கிப் பெஞ்சில் படுக்கவைத்துத் தன் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். போட்டோ எடுக்க அங்கே யாரும் இல்லை.

இன்னொருவர் கற்பகம். மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட ஒரு ஊராட்சிக்குத் தலைவராக இருந்தவர், நிலபுலன் உள்ள குடும்பம். அவர் ஊரில் தெருவிளக்கு எரிந்தது, சாக்கடை ஓடியது. ஆனால் அவரைப் பிடிக்கும் என்று சொன்ன ஒருவரைக்கூடப் பாக்கியவதி சந்தித்ததில்லை. கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் தண்ணீர் வீணாவதைப் பற்றிச் சத்தம் போட்டுவிட்டுத்தான் வருவார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் கணவர் பால்துரை. அவர் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். "தனுஷ்கோடி நல்ல மனுசன். அந்தம்மா வாயத் தொறந்தா சண்டை."

"நல்ல மனுசனான்னு யாரும் என்னையக் கேக்கலியே. மேயருக்குச் சரியா வருவாரான்னுல்ல கேக்காக."

இரண்டு பேரிடமும் ஒரே விஷயத்தைக் கேட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தார். அவர் ஜெயித்த வார்டின் தெருமுக்கில்தான் பட்டாசு வேலைக்குப் போகும் பெண்கள் வேனுக்கு நிற்பார்கள். விடியுமுன்னே வந்து நிற்பவர்களுக்கு அவசரத்துக்கு ஒதுங்க இடம் கிடையாது. அங்கே ஒரு கழிப்பறை வேண்டும்.

தனுஷ்கோடி வீட்டில் அவர் சொல்லி முடிப்பதற்குள் பதில் வந்தது. "செஞ்சிருவோம் சிஸ்டர். மொதக் கையெழுத்தே அதுக்குத்தான்."

"எங்கன கட்டணும்னு நான் இன்னும் சொல்லலியே அண்ணாச்சி."

"நீங்க எங்கன சொல்லுறீகளோ அங்கன."

முக்கில் இருந்த காலி மனையைச் சொன்னார். சரி என்றார் தனுஷ்கோடி. வாசலில் செருப்பு மாட்டும்போது பழவண்டிக்காரர்கள் சிலர் உள்ளே போனார்கள். மழைக்கு ஒதுங்கி வியாபாரம் செய்ய அதே மனையை அவர்கள் கேட்பதும், "தந்திருவோம்" என்று அவர் சொல்வதும் பாக்கியவதி காதில் விழுந்தன. அவர் பொய் சொல்லவில்லை. இருவருக்குமே செய்ய வேண்டும் என்றுதான் அவர் மனம் நினைத்தது.

கற்பகம் வீட்டுக்கு வரச் சொல்லவில்லை. இருட்டு விலகுமுன்னே ஸ்கூட்டரில் தனியாக முக்குக்கு வந்தார். பெண்கள் நிற்பதையும் வேன் வருவதையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த மனை கேஸ்ல கெடக்கு. ஒரு செங்கல் வைக்க முடியாது" என்றார். பிறகு எதிரே இருந்த வரிவசூல் மையத்தைக் காட்டினார். "அதுக்குள்ள கக்கூஸ் இருக்கு. ஆபீஸ் பத்து மணிக்குத்தான் தொறக்காக. வாட்ச்மேன்கிட்ட சொல்லி வெள்ளன தொறக்க வைக்கலாம். ஆனா நாறடிச்சாங்கன்னா பூட்டிருவேன். இப்பவே சொல்லிருங்க."

பாக்கியவதி அவருக்கு ஓட்டுப் போட்டார். ஒரே ஓட்டு வித்தியாசத்தில் கற்பகம் மேயரானார்.

தோற்ற தனுஷ்கோடி அடுத்த வாரம் வீட்டுக்கு வந்தார். பால்துரை சங்கடத்தோடு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எதுல கொறஞ்சேன் சிஸ்டர்? சொல்ல வேண்டாம்னா விட்டுருங்க."

"அந்த மனையப் பழவண்டிக்காரங்களுக்கும் தாரேன்னீகள்ல."

"அவுகளும் பாவம்தானே."

"ஆமா. பாவம்தான்."

தனுஷ்கோடி காபியைக் குடித்துவிட்டு, பால்துரையின் முழங்கால் வலியை விசாரித்துவிட்டுப் போனார்.

வரிவசூல் மையத்தின் கதவு சொன்னபடி காலையில் திறந்தது. சொன்னபடியே ஒருநாள் பூட்டவும் பட்டது. பெண்கள் பாக்கியவதி வீட்டுக்கு வந்து சத்தம் போட்டார்கள். அவர்களுக்குள் முறை வைத்துக் கழுவத் தொடங்கிய பிறகு மறுபடியும் திறந்தது. கற்பகத்தை யாரும் நன்றியோடு நினைத்ததாகத் தெரியவில்லை.

தீபாவளி சீசன் நெருங்கும்போது தாயில்பட்டிப் பக்கம் ஒரு ஆலை வெடித்தது. அந்த முக்கில் வேன் ஏறும் இருளம்மாளுக்கு இரண்டு கையும் வெந்துபோயிற்று. பாக்கியவதி ஆஸ்பத்திரிக்குப் போனபோது தனுஷ்கோடி ஏற்கெனவே அங்கே இருந்தார். கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள்: "நீங்க கொண்டாந்த மேயரு எங்க?"

பாக்கியவதி வராந்தாவுக்கு வந்து போன் செய்தார்.

"நான் வந்து என்ன செய்யப்போறேன் சிஸ்டர்?" என்றார் கற்பகம். "நான் என்ன டாக்டரா? எனக்குப் பின்னால ஒரு கூட்டம் வரும். ஸ்ட்ரெச்சர் போற வழிய மறிக்கும்."

அதில் தப்பில்லை. அப்படி வந்த எத்தனையோ கூட்டங்களை வார்டிலிருந்து விரட்டியவர்தான் பாக்கியவதி. ஆனாலும் அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கு மறுபடி ஓட்டுப் போடச் சொல்லியிருந்தால் யாருக்குப் போட்டிருப்போம் என்று அவருக்கே தெரியவில்லை.

"நாளைக்குச் சாயந்தரம் ஒத்தையில வாங்க. நான் வாசல்ல நிக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

கற்பகம் வந்தார். கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கட்டிலருகே நின்றார். கட்டுப்போட்ட கைகளைப் பார்த்தார், வேறு பக்கம் பார்த்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை வரவில்லை.

"வீட்டுல சோறு யாரு பொங்குறா?" என்று கடைசியில் கேட்டார்.

"நாத்தனா வந்திருக்கா" என்றாள் இருளம்மாள்.

வராந்தாவுக்கு வந்ததும் கற்பகம் சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு இதெல்லாம் வராது சிஸ்டர்."

"தெரியும்" என்றார் பாக்கியவதி. "ஆம்பளைக வார்டுல இன்னும் ரெண்டு பேரு இருக்காக. வாங்க."

கற்பகம் எழுந்து அவர் பின்னால் நடந்தார்.