புது வண்டிச் சத்தம்

பர்மாவில், ரங்கூனை ஒட்டிய இன்சீனுக்கு வடக்கே, நகருக்குள் இருப்பதுபோல் மோட்டார் சைக்கிளுக்குத் தடையில்லாத புறநகரில் குழந்தைவேலுவின் வீடு. அவருடைய பழைய வண்டி தெருமுனையில் இருமினாலே மனைவி கமலாட்சி கதவைத் திறந்து வைப்பாள். அந்தப் பாழாய்ப்போன வண்டி இனி ஓடாது என்று மெக்கானிக் கைவிரித்துவிட்டார். ஹோண்டாவா, யமஹாவா என்று பேச்செடுத்ததும் கமலாட்சி வெடித்தாள்.

“ஹோண்டா இந்த வாசலுக்கே வரக்கூடாது! பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிறவனுங்க நம்ம பெரியவனை அதுலதானே ஏத்திக்கிட்டுப் போனானுங்க? அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு ஈரக்குலை நடுங்குது.”

சின்னவனுக்கும் பதினெட்டு முடிந்துவிட்டது. அவனை அவள் வாசல் பக்கமே விடுவதில்லை.

ஹோண்டாதான் உழைக்கும் என்று கடைக்காரர் எவ்வளவோ சொல்லியும் குழந்தைவேலு யமஹாவையே வாங்கினார். இனியாவது அவள் பயப்படாமல் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டே வந்து, வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார்.

உள்ளே சடாரென்று தாழ்ப்பாள் விழுந்தது. அவர் கதவைத் தட்டினார். நான்தான் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், உள்ளிருந்து பர்மிய மொழியில் கமலாட்சி கெஞ்சும் குரல் கேட்டது.

“போயிடுங்க ஐயா. எங்களுக்குப் பிள்ளையே இல்லை.”