சுரபுன்னையைக் கூட்டிப் போனேன்

என் ஆராய்ச்சிக்கு உதவிய பாக்டீரியாக்கள், வாய்மொழித் தேர்வுக்குத் தங்கள் மரமும் கூட வர வேண்டும் என்று சொல்லிவிட்டன.

அவை பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் ஒரு சுரபுன்னை மரத்தின் இலைகளுக்குள் குடியிருந்தவை. வெயிலும் உப்பும் இலையைக் கெடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவற்றின் வேலை. ஆய்வகத்தில் இதை ஆக்சிஜனேற்றத் தடுப்பு என்போம். அதைச் சோதிக்க, ஊதாக் கரைசலில் அவற்றை ஒரு சொட்டு விட்டால் அது மஞ்சளாக வேண்டும். இலையிலிருந்து வந்த புதிதில் நொடியில் செய்து காட்டியவை, கண்ணாடித் தட்டில் கொஞ்ச நாள் இருந்ததும் சுணங்கிவிட்டன. ஊதா ஊதாவாகவே நின்றது. தேர்வாளர் முன்னாலும் அப்படி நின்றால் பட்டம் கிடைக்காது.

என் வழிகாட்டி அகிலாண்டம் மேடத்திடம் போய்ச் சொன்னேன்.

"அவங்க கேக்கறது நியாயம்தானே. போய் மரத்தைக் கூப்பிடு" என்றார்.

படகில் போய்க் கூப்பிட்டேன். மரம் மறுக்கவில்லை. நீர் வற்றும்வரை பொறுக்கச் சொன்னது. பிறகு வேர்களை ஒவ்வொன்றாகச் சேற்றிலிருந்து உருவிக்கொண்டு என்னோடு நடந்து வந்தது.

பஸ்ஸில் கண்டக்டர் மரத்துக்கு முழு டிக்கெட் கிழித்தார். இலைக்குள் இருப்பவர்களுக்கும் எடுக்க வேண்டுமா என்று கேட்டேன். கைக்குழந்தை மாதிரிதான், வேண்டாம் என்றார். "காலை மட்டும் கொஞ்சம் உள்ள இழுத்துக்கச் சொல்லும்மா. ஏறுறவங்களுக்கு வழி வேணும்."

மரம் இழுத்துக்கொண்டது.

தேர்வாளர் தணிகாசலம் கண்டிப்பானவர். மரத்துக்கு ஒரு வாளித் தண்ணீர் வைக்கச் சொல்லிவிட்டு, ஆரம்பிக்கலாம் என்றார். நான் ஒரு சொட்டு விட்டேன். கரைசல் மஞ்சளானது. பாக்டீரியாக்கள் அதோடு நிற்கவில்லை. சன்னலின் ஊதாத் திரை மஞ்சளானது. மேடத்தின் ஊதாப் பட்டுப்புடவையும் மஞ்சளானது. மேடம் மடிப்பைச் சரிசெய்துகொண்டார்.

"மனுஷ உடம்புக்குள்ளயும் இது வேலை செய்யுமா?" என்று தணிகாசலம் கேட்டார்.

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "அதுக்கு இன்னும் ஆதாரம் இல்ல, சார்."

அவர், சரியான பதில் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மரம் ஓர் இலையை உதிர்த்தது. சந்தோஷப்பட்டால் அது அப்படித்தான் செய்யும் என்று பாக்டீரியாக்கள் சொல்லின.

கதவைத் திறந்தேன். அடுத்த மாணவி கோமளவல்லி வெளியே காத்திருந்தாள். அவளுடைய ஆராய்ச்சி இறால்களைப் பற்றியது. அவள் கடலைக் கூட்டி வந்திருந்தாள்.

மரமும் நானும் சுவரோரமாக ஒதுங்கி, கடல் உள்ளே போக வழி விட்டோம்.