மூக்கில் வைக்க மறந்த ஈயம்

பொம்மை விமானத்தை மேசைமேல் மூன்று சக்கரங்களில் நிறுத்திவிட்டுக் கையை எடுத்தேன். அது நிதானமாக மூக்கைத் தூக்கி, வாலைக் கீழே வைத்து உட்கார்ந்துகொண்டது. முன்சக்கரம் அந்தரத்தில் நின்றது. ஐந்து மாத வேலை.

எதிரே மைத்துனன் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். அவன் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், அதுதான் என்னைக் கிளப்பிவிட்டது.

"மாமா, பயணிங்க பின்பக்கமா ஏறிக்கட்டும்னு விட்டுட்டீங்களா?"

"வாயை மூடு."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பது ஊரறிந்த விஷயம். அன்று அது கொஞ்சம் நியாயமான கோபமும்கூட. மறுநாள் திங்கட்கிழமை. அந்தத் திங்கட்கிழமைக்குப் பயந்துதான் நான் அந்த விமானத்தையே பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

நான் பல் கட்டும் லேபில் வேலை பார்க்கிறவன். டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து, மெழுகில் பல் செதுக்குவேன். பிறகு அதை உலோகத்தில் வார்ப்பார்கள். இருபது வருடம் இதைத்தான் செய்தேன். அதற்கு எட்டு மாதத்துக்கு முன்னால், சுழன்றுகொண்டிருந்த வெட்டுத்தகடு உடைந்து என் வலது மணிக்கட்டில் இறங்கியது. நரம்பைத் தைத்தார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இருந்த இடத்திலேயே இருந்தன, ஆனால் இரவல் வாங்கி மாட்டிக்கொண்டவை போல இருந்தன.

"நரம்பு மாசத்துக்கு ஒரு இஞ்ச்தான் வளரும். அது வந்து சேர்ந்ததும் வேலை குடுக்கணும், இல்லேன்னா வந்ததே உங்களுக்குத் தெரியாது. பொடிப்பொடி வேலையா பாருங்க. வலது கையால" என்றார் பிசியோதெரபி அம்மா.

அதைக் கேட்டுவிட்டுத்தான் மைத்துனன், துண்டு துண்டாக வரும், நாமே ஒட்டிச் சேர்க்க வேண்டிய இந்த விமான கிட்டை வாங்கி வந்தான். அவன் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவன், அதனால் விமானம் என்றால் எல்லாம் தெரியும் என்று நினைப்பு. வாங்கினதுதான் வாங்கினான், இருப்பதிலேயே கஷ்டமானதாகப் பார்த்து வாங்கினான். சோதனைக்காக இரண்டே இரண்டு செய்து, பறக்கவிட்டுப் பார்த்து, போதும் என்று நிறுத்திவிட்ட ஜெட்டாம். இறக்கைகள் பின்னால் சாயாமல் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். யாரோ திருப்பி மாட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கிட் செய்த கம்பெனியும் சின்னக் கம்பெனி. ஒரு துண்டும் இன்னொரு துண்டோடு ஒத்துப்போகவில்லை. அவனுக்கு நான் இதுவரை நன்றி சொன்னதில்லை. முகத்துக்கு நேரே சொன்னால் ஒரு வருடத்துக்குச் சொல்லிக்காட்டுவான், அதனால் இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

முதல் வாரம் விமானியின் இருக்கையை வலது கையால் எடுத்தேன். மூன்று தடவை கீழே போட்டேன். நான்காவது தடவை பிடியின் அளவு தெரியாமல் நசுக்கிவிட்டேன். அன்றோடு வலது கையை மடியில் வைத்துவிட்டு, துண்டுகளைச் சின்னப் பிடிப்பானில் இறுக்கி, எல்லாவற்றையும் இடது கையால் செய்தேன். "வலது கையாலதானே பண்றீங்க?" என்று பிசியோதெரபி அம்மா கேட்கும்போதெல்லாம் "ஆமாம்மா" என்பேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் மனைவி ஒரு தடவைகூட வாயைத் திறக்கவில்லை. அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

விமானத்தின் உடல் இரண்டு பாதி. அவற்றைச் சேர்க்க நான் லேப் புத்தியைத்தான் காட்டினேன். பல் டாக்டர் கடிக்கச் சொல்வாரே நீலத் தாள், அதை நடுவில் வைத்து அழுத்தி, எங்கே நீலம் ஒட்டுகிறதோ அங்கே மட்டும் ராவி, திரும்ப அழுத்தி, திரும்ப ராவி, தலைமுடி நுழையாத அளவுக்குக் கொண்டுவந்தேன். அந்தப் பெருமையில் செய்முறைத் தாளைப் பார்க்கவே இல்லை. இருபது வருடம் பல் பொருத்தியவனுக்குத் தாள் சொல்லித் தர வேண்டுமா என்ன. அந்தத் தாளில், ஒட்டுவதற்கு முன் மூக்குக்குள் பன்னிரண்டு கிராம் எடை வைக்கவும் என்று படம் போட்டு எழுதியிருந்தது.

லேப் முதலாளி நல்லவர். எட்டு மாதம் என் இடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. "திங்கக்கெழம வந்து ஒரு கடைவாய்ப் பல் செதுக்கிக் காட்டுங்க. பல் சரியா வரலேன்னா பார்சல் கட்டுற எடத்துல பாத்துக்கலாம்" என்று சொல்லியிருந்தார். வீட்டில் இடது கையால் செதுக்கிப் பார்த்தேன். பல் வரவில்லை, கொழுக்கட்டை வந்தது. பார்சலே கட்டுகிறேன் என்று சொல்லிவிடுவதாக மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். விமானத்தையாவது ஒழுங்காக முடித்தேன் என்று இருக்கட்டும் என்று பார்த்தால், அதுவும் வாலில் உட்கார்ந்துவிட்டது.

"உடைச்சுக் குப்பையில போடப்போறேன்" என்றேன்.

"போடுங்க. ஆனா அதுக்கு முன்னாடி அந்த முன்சக்கரக் குழியில ஒரு ஓட்டை போட்டு எடையை உள்ள விட முடியாதா?" என்றாள் மனைவி, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே.

மைத்துனன் தூண்டில் பெட்டியை எடுத்து வந்தான். தூண்டில் நூலில் கோக்கும் ஈயக் குண்டுகள், ஒவ்வொன்றும் மிளகில் பாதி. சக்கரக் குழியில் அந்த அளவுக்கு ஓட்டை போட்டேன். இறக்கையில் பெயின்ட் காயவில்லை என்பதால் பிடிப்பானில் இறுக்க வழியில்லை. கையில்தான் பிடிக்க வேண்டும், மூக்கு சரிந்திருக்க வேண்டும், ஆடவும் கூடாது. ஒரு கை பார்த்துவிடுவோம் என்று ஆத்திரத்தோடு உட்கார்ந்தேன். இடுக்கியால் ஒரு குண்டை எடுத்து ஓட்டையில் விட்டால், உள்ளே ஓடி மூக்கு நுனியில் டிக் என்று விழும். இன்னொரு குண்டு. விமானத்தைத் திட்டினேன், கம்பெனியைத் திட்டினேன், ஆரஞ்சுத் தோலை மேசையில் போட்டதற்கு மைத்துனனைத் திட்டினேன். இரண்டு பேரும் பதிலே பேசவில்லை. எனக்குப் பயந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு பசை விட்டு, காயவிட்டு, மேசைமேல் வைத்தேன். முன்சக்கரம் தரையைத் தொட்டு நின்றது. விரலால் மூக்கைத் தட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

"எழுபத்தி மூணு" என்றாள் மனைவி.

"என்னது?"

"குண்டு. நான் எண்ணிட்டிருந்தேன். ஒண்ணுகூடக் கீழ விழல." அவள் குரல் என்னவோ போல இருந்தது. "எந்தக் கையால போட்டீங்க?"

குனிந்து பார்த்தேன். காயாத இறக்கையைத் தொடாமல் உடலைத் தாங்கிப் பிடித்தது இடது கை. இடுக்கி இன்னும் வலது கையில் இருந்தது. இரண்டு விரலுக்கு நடுவே அதன் குளிர்ச்சி தெரிந்தது. எவ்வளவு நேரமாகத் தெரிந்துகொண்டிருந்ததோ, கோபத்தில் நான் கவனிக்கவே இல்லை.

"உனக்குத் தெரியுமா, நான் இத்தனை நாள்..."

"அஞ்சு மாசமா டீயை எந்தப் பக்கம் வெக்கிறேன்னு நெனச்சீங்க?"

மைத்துனன் ஆரஞ்சுத் தோலைப் பொறுக்குவதாகச் சொல்லிக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விட்டான். நான் அழுததை அவன் பார்க்கவில்லை என்று இன்றுவரை சாதிக்கிறான். அதற்கும் அவனுக்கு நன்றி.

அவள் உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். இந்தத் தடவை எனக்கு வலது பக்கம் வைத்தாள். எடுத்துக் குடித்தேன். கோப்பையின் சூடு சுள்ளென்று விரலில் ஏறியது. நான் கீழே வைக்கவில்லை.