மாப்பிள்ளைக்குப் போட்ட ஊசி

சதுரங்கப்பட்டினத்தில் மாப்பிள்ளை வந்து இறங்கிவிட்டால், அந்த வீட்டில் நல்லது எதுவும் வேறு யாருக்கும் கிடையாது. கோழி ஈரல் மாப்பிள்ளைக்கு, புது மெத்தை மாப்பிள்ளைக்கு. பென்சிலினும் மாப்பிள்ளைக்கே என்று ஆகுமென்று அந்த வீட்டு மகள் சைதூன் கனவிலும் நினைக்கவில்லை.

அவளைப் பெற்ற அத்தா ஜெயினுலாபுதீனுக்கு நிமோனியா. செங்கல்பட்டு டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, ஜுரம் இறங்கினாலும் நிறுத்தக்கூடாது, கொடுத்த புட்டியெல்லாம் தீரும்வரை தினம் ஒரு ஊசி என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். உள்ளூர்க் கம்பவுண்டர் தர்மராஜ் வந்து போட்டார். ஜுரம் இறங்கியது. மனுஷர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் சைதூனை அழைத்துப் போக அவள் புருஷன் கிஃபாயத்துல்லா வந்து சேர்ந்தான். பஸ் தூசியில் லேசாக ஒரு இருமல். அதற்குக் கழுத்தில் ஒரு மப்ளர், நொடிக்கொரு முனகல்.

"மாப்ளைக்கு நெஞ்சு கட்டிகினு கீது," என்று அம்மா சுல்தான் பீவி பதறினாள். "தர்மராஜு, மிச்சம் கீற ஊசிய அவருக்குப் போட்ரு."

"அது பெரியவருக்குக் குடுத்ததும்மா. சாதா இருமலுக்கு இன்னாத்துக்கு?" தர்மராஜ் வாய் இப்படி இழுத்தது. கை என்னவோ புட்டியில் தண்ணீரைக் கலந்துகொண்டிருந்தது.

"அத்தாவுக்கு இன்னும் தீரல!" என்று சைதூன் கத்தினாள்.

கட்டிலிலிருந்து அத்தாவே கையமர்த்தினார். "எனக்குத்தான் ஜுரம் வுட்டுப்போச்சே. வூட்டுக்கு வந்த மாப்ளைக்கு இல்லன்னு சொல்றதா? போடுப்பா."

வேண்டாம் என்று அந்த ஆள் ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கலாம். பாயை விரிக்கச் சொல்லிக் குப்புறப் படுத்துக்கொண்டான், வெட்கங்கெட்டவன். மிச்சப் புட்டிகளும் தினம் ஒன்றாக அவனுக்கே போயின.

ஜுரம் திரும்பி வந்தது, முன்னைவிட மூர்க்கமாக. அத்தா துருப்பிடித்த நிறத்தில் சளி துப்பினார். மருந்துக்கு ஆள் ஓடினான். மழையில் பஸ் நின்றுபோய், அவன் செங்கல்பட்டிலிருந்து திரும்புவதற்குள் அத்தாவின் மூச்சு அடங்கிவிட்டது.

மூன்றாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்ததும் கிஃபாயத்துல்லா பெட்டியைக் கட்டினான். "அல்லாவோட நாட்டம், நாம இன்னா பண்றது? எனக்கும் இருமல் சுத்தமா வுட்டுப்போச்சு. கெளம்பு."

"எங்க அத்தா ஒடம்புல ஓட வேண்டியது ஒங்க ஒடம்புல ஓடுது. அந்த ஒடம்பு பக்கத்துல நான் படுக்கணுமா?" என்றாள் சைதூன். "நீங்க மட்டும் போங்க."

வெள்ளைப் புடவையில் உள்ளறையில் உட்கார்ந்திருந்த சுல்தான் பீவி அழுகையை நிறுத்தினாள்.

"மாப்ளைய அப்டியெல்லாம் பேசாதடி," என்றாள்.