இடது ஓரத்து எண்கள்

மார்ச் 12, வியாழன்

ஒரு திருத்தம். “கருத்தரங்கில் முதல்முறையாக நல்ல கேள்வி ஒன்று கேட்டேன்” என்று நேற்று எழுதி, அடியில் கோடும் போட்டிருக்கிறேன். கேள்வி நல்லதல்ல. வரைபடத்தின் இடது ஓரத்தில் இருந்த எண்களைப் பார்க்காமலே கேட்டேன். கோட்டை அழிக்கப் பார்த்தேன். பேனாவில் போட்டது, தாள்தான் கிழிந்தது.

புதன்கிழமை மாலைதோறும் எங்கள் துறையில் கருத்தரங்கு நடக்கும். ஆய்வு மாணவர்கள் மேடையேறித் தங்கள் வேலையை விளக்குவார்கள். மாலை வகுப்பில் படிக்கும் நாங்களும் கட்டாயம் வந்து உட்கார வேண்டும். நான் பகலில் பம்பு பட்டறையில் வரைபடம் போடுகிறவள் என்பதால் எப்போதும் தாமதமாகத்தான் வருவேன். கடைசி வரிசைதான் கிடைக்கும். நேற்று எனக்கு முன்னால் என் வகுப்பு நெட்டை உட்கார்ந்திருந்தான். திரையின் இடது ஓரம் அவன் தலைக்குப் பின்னால் போய்விட்டது. கொஞ்சம் சாய்ந்து பார்த்திருக்கலாம். சாயவில்லை.

பேசியவர் ஸ்பிரிங் அக்கா. அதிர்வை ஆராய்கிற மாணவி என்பதால் நாங்கள் வைத்த பெயர். ஒரு இரும்புத் தகட்டைச் சுத்தியலால் தட்டினால் அது அதிரும். அந்த அதிர்வைச் சீக்கிரம் அடக்க அவர் எண்ணெய் நிரப்பிய அடக்கி ஒன்றைச் செய்திருக்கிறார். அதிர்வு குறைந்துகொண்டே போவதைக் காட்டும் படம் திரையில் வந்தது. அளவெடுத்துப் போட்டதுபோல் நேர்க்கோடு.

அதற்கு இரண்டு நாள் முன்புதான் வகுப்பில் அந்தப் பாடம் நடந்திருந்தது. எண்ணெய் அதிர்வை அடக்கினால் முதலில் வேகமாகக் குறையும், பிறகு மெதுவாக, கோடு வளையும். எங்காவது இரும்போடு இரும்பு உரசினால் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரே அளவு குறையும். கோடு நேராக இறங்கும். பாடம் மனதில் சூடு ஆறாமல் இருந்தது. கையைத் தூக்கிவிட்டேன்.

“இது நேர்க்கோடா இறங்குதே அக்கா. அப்போ அதிர்வை அடக்குறது உங்க எண்ணெயா, இல்ல தகட்டைப் பிடிச்சிருக்கிற கிளாம்ப் உரசுறதா?”

முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அக்கா வாயைத் திறந்து, திரையைப் பார்த்து, மறுபடி என்னைப் பார்த்தார்.

“அது... கிளாம்ப்... பாத்துச் சொல்றேன்.”

அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதைச் சொன்னாலும் “எதுக்கு?” என்று கேட்பதால் அவருக்கு ‘எதுக்கு சார்’ என்று பெயர். நேற்று அவர் எதுக்கு என்று கேட்கவில்லை. “நல்ல கேள்வி. கிளாம்பைக் கழட்டிப் பாருங்க. அதுவரைக்கும் இது ஓப்பன்” என்றார்.

எங்கள் துறையில் இது ஒரு வழக்கம். மேடையில் பதில் வராத கேள்வி திறந்த கேள்வி. கேட்டவரே எழுந்து நின்று ‘மூடுகிறேன்’ என்று சொன்னால்தான் அது மூடும். அதுவரை அந்த ஆய்வை எதுக்கு சார் வெளியே அனுப்ப விடமாட்டார். அக்காவின் கட்டுரை நாளை மாலைக்குள் மாநாட்டுக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் அவருடைய பட்டம் இன்னொரு வருடம் தள்ளிப்போகும். இதெல்லாம் கை தூக்கும்போதே எனக்குத் தெரியும். தெரிந்ததால் கேள்விக்கு இன்னும் எடை கூடியதாக நினைத்துக்கொண்டேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

வெளியே வந்ததும் நெட்டை கை கொடுத்தான். “பின்வரிசை மானத்தைக் காப்பாத்திட்ட.” வீட்டில் சொன்னேன். அம்மா உடனே சித்திக்குப் போன் போட்டு, “டாக்டருக்குப் படிக்கிற பொண்ணையே வாயடைக்க வச்சிட்டாளாம்” என்றாள். நான் தடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்று மதியம் பட்டறையில் சாப்பிட்டு முடித்து, துறை அனுப்பியிருந்த கருத்தரங்குப் படங்களைப் போனில் எடுத்துப் பார்த்தேன். பார்த்ததன் நோக்கம் என் கேள்வியின் அழகை இன்னொரு தரம் ரசிப்பதுதான். இடது ஓரத்தில் எண்கள் இருந்தன. 1, 10, 100, 1000. எல்லாம் சம இடைவெளியில்.

லாக் ஸ்கேல். அந்த அளவுகோலில் எண்ணெயின் வளைந்த கோடு நேர்க்கோடாகத்தான் தெரியும். எண்ணெய்தான் அதிர்வை அடக்குகிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இருக்க முடியாது. அதைக் காட்டித்தான் அவரை நிறுத்தியிருக்கிறேன்.

நெட்டைக்குச் செய்தி அனுப்பினேன். அவன் முன்வரிசையில் ஒருவரிடம் விசாரித்துவிட்டுப் பதில் போட்டான்: “லாக்னு முன்வரிசைக்கு அப்பவே தெரியுமாம். நீ ஏதோ ஆழமா கேக்குறேன்னு நெனச்சு பேசாம இருந்துட்டாங்களாம்.” கூடவே சிரிக்கிற பொம்மை ஒன்று.

உடனே போயிருக்க வேண்டும். போகவில்லை. வேலை இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பிறகு வகுப்பு இருக்கிறது என்றேன். வகுப்பில் என்ன நடத்தினார்கள் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. முடிந்த பிறகே ஆய்வகத்துக்குப் போனேன்.

ஸ்பிரிங் அக்கா தரையில் குப்புறப் படுத்து, மேசைக்கு அடியில் ஸ்பேனரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கிளாம்பின் நான்கு போல்ட்டில் ஒன்று ஏற்கெனவே ஒரு கிண்ணத்தில் கிடந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“யாரு? ஓ, நீயா. வா, இந்த டார்ச்சைப் பிடி.”

பிடித்தேன். அந்தத் தகட்டைச் சமன்செய்து நிறுத்த இரண்டு வாரம் ஆனது என்று நேற்று மேடையில் அவரே சொல்லியிருந்தார். எல்லா போல்ட்டும் கழன்றால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். அவர் இரண்டாவது போல்ட்டைக் கழற்றி முடிக்கும்வரை நான் வெளிச்சம் காட்டிக்கொண்டு நின்றேன். இன்று செய்ததிலேயே மோசமான காரியம் அதுதான். கேள்வியாவது தெரியாமல் கேட்டது.

மூன்றாவதில் ஸ்பேனரை வைத்தபோதுதான் வாய் திறந்தது. “அக்கா, கழட்டாதீங்க. அது லாக் ஸ்கேல். நான் எண்களைப் பாக்கல.”

ஸ்பேனர் நின்றது. அவர் வெளியே வரவில்லை. மேசைக்கு அடியிலிருந்தே கேட்டார்.

“எப்பத் தெரிஞ்சுது?”

“மதியம்.”

“மதியமா! இப்பதான் வர்றியா?”

“வகுப்பு இருந்துச்சு...”

“ஆமா, வகுப்பு. ரொம்ப முக்கியம்.”

எழுந்து உட்கார்ந்தார். நெற்றியில் கிரீஸ் ஒட்டியிருந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். சிரித்தார், அந்தச் சிரிப்பும் பாதியில் நின்றுவிட்டது.

“எனக்கு மேடையை விட்டு இறங்கறப்பவே தெரிஞ்சுபோச்சு. என் படம், நான் போட்ட ஸ்கேல். அத்தனை பேர் பாக்கிறப்ப ஒரு வார்த்தை வரல. ஓடிப்போய் சார்கிட்ட சொன்னேன். ‘கேட்டவங்க ஒத்துக்கிட்டாங்களா? இல்லைன்னா கழட்டிப் பாரு’ன்னுட்டார்.”

“என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே அக்கா.”

“சொல்லியிருக்கலாம்.” கிண்ணத்திலிருந்து ஒரு போல்ட்டை எடுத்து உருட்டினார். “ஈவினிங் கிளாஸ் பொண்ணுகிட்டப் போய், ‘அம்மா தாயே, உன் கேள்வியை வாபஸ் வாங்கிக்கோ’ன்னு கெஞ்சணுமான்னு இருந்துச்சு. கழட்டறதே மேல்னு தோணுச்சு. போதுமா?”

டார்ச் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அவர்தான் கையை நீட்டி அணைத்தார்.

“ரெண்டு போல்ட் நிக்குது. தகடு நகரல. நாளைக்குக் காலைல எங்க குழு மீட்டிங் இருக்கு. நீ வந்து மூடினா சாயங்காலம் அனுப்பிடலாம்.”

“எல்லாரும் இருப்பாங்களா?”

“முன்வரிசை மொத்தமும்.”

“சார்கிட்ட மட்டும் தனியா சொன்னா ஆகாதா அக்கா?”

“நீ என்கிட்டத் தனியாவா கேட்ட?”

கழற்றிய இரண்டு போல்ட்டையும் திரும்ப மாட்டினோம். இந்த முறை டார்ச்சை நேராகப் பிடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன், “என்ன மேடம், இன்னைக்கு யாரைக் கவுத்தீங்க?” என்றான். என்னையே என்று சொன்னேன். ஏதோ நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தான். அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். “சித்திகிட்ட நீயே பேசிக்கோ” என்றாள்.

நாளை காலை பட்டறை முதலாளிக்குப் போன் செய்து அரைநாள் விடுப்பு கேட்க வேண்டும். ஒன்பது மணிக்கு எதுக்கு சாரின் அறையில் குழு மீட்டிங். உட்காரக் கூடாது, நின்றபடியே, “நான் எண்களைப் பார்க்காமல் கேட்டேன், கேள்வியை மூடுகிறேன்” என்று சொல்ல வேண்டும். அதன் பிறகு சித்திக்குப் போன்.